நான்கு விரல் பிரேக்

இந்த நாற்காலியின் பின்னங்கால் ஒன்று சற்றுக் குட்டை. உட்கார்ந்ததுமே கவனித்துவிட்டேன். ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். இத்தனை பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற காவல் நிலையத்தில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை என்றால், அவர்களுக்கு வேறு கவலை இருந்திருக்க வேண்டும். பரவாயில்லை, நான் ஆடாமல் உட்கார்ந்துகொள்கிறேன்.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வாகன ஆய்வாளர் கொடுத்திருக்கிற அறிக்கையில் ஒரு வரி தவறாக இருக்கிறது. "முன் பிரேக்கைப் பொருத்தியவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்" என்று எழுதியிருக்கிறார். பொருத்தியவன் நான். இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். துக்க வீட்டிலிருந்து வந்தவனிடம் பேசுகிற குரலில் நீங்கள் என்னிடம் பேசுகிறீர்கள், தேநீர்கூட வரவழைத்தீர்கள். அதற்கெல்லாம் நன்றி. ஆனால் அந்த வரி தவறு. அது கவனக்குறைவு இல்லை என்று காட்ட வேண்டுமானால், நான் எதில் எதில் கவனமாக இருந்தேன் என்று சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும்.

பழைய மோட்டார் சைக்கிள்களைச் சரிசெய்வது என் தொழில். இந்த ஊரில் என் வேலையைக் குறை சொன்னவர் கிடையாது. வேண்டுமானால் அடுத்த கட்டடத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவர் யாரையும் எளிதில் புகழ்கிற ஆள் இல்லை. தன் மனைவியையே அவர் புகழ்ந்து நான் பார்த்ததில்லை. என் பட்டறையிலிருந்து வெளியே போன வண்டி அதே கோளாறுக்காகத் திரும்பி வராது என்று அவரே சொல்லுவார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு வீட்டில் நானும் தங்கையும்தான். வீடு என்றால் பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை. அவள் பட்டறையிலேயே வளர்ந்தாள் என்று சொல்லலாம். வருகிறவர்களிடம் பேசுவது, சாமான் வரவழைப்பது, கழற்றிப் போட்ட நட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைப்பது எல்லாம் அவள்தான். நான் வண்டிக்கு அடியில் படுத்தபடி கையை நீட்டினால் எனக்கு வேண்டிய ஸ்பானர் கையில் வந்து உட்காரும். எந்த அளவு என்று நான் வாய் திறந்து சொன்னதில்லை. எங்களுக்குள் பேச்சே அதிகம் கிடையாது, பேசத் தேவையும் இருக்கவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு தண்ணீர் மீட்டர் பார்ப்பவர் வந்தார். எங்கள் பட்டறையில் அப்படியொன்றும் தண்ணீர் செலவாவதில்லை. இருந்தும் எங்கள் மீட்டர் அடிக்கடி பார்க்கப்பட்டது. மற்ற கடைக்காரர்களுக்கெல்லாம் விஷயம் புரிந்து, லேத்காரர் அவருக்கு 'மீட்டர் மாப்பிள்ளை' என்று பெயரும் வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தங்கை கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே நிற்கவில்லை. முன்னால் நின்று நடத்தி வைத்தேன். புகைப்படங்கள் இருக்கின்றன, அதில் நான் சிரிக்கிறேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். இதை நான் மறைக்கப் போவதில்லை. குடி கிடையாது, கோபம் கிடையாது, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். சொன்ன ஜோக்கையே திரும்பச் சொல்லி, கேட்கிறவர்கள் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிடுவார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மச்சான்" என்று முதுகில் தட்டுவார். முதுகில் தட்டுவது எனக்குப் பிடிக்காது என்று தங்கைக்குத் தெரியும். அவள் அவரிடம் சொல்லவில்லை. கல்யாணமானதும் அவளிடம் நான் கண்ட முதல் மாற்றம் அதுதான்.

அவர்கள் மேட்டுத் தெருவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் அவள் நிலைமையைக் கவனித்தேன். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தது. மனதில் குறை உள்ளவர்கள்தான் வேளை தவறாமல் சாப்பிடுவார்கள். பாத்திரம் கழுவும்போது பாடினாள். என் பட்டறையில் அவள் ஒருநாளும் பாடியதில்லை, பாடித்தான் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்ற நிலை அவளுக்கு அங்கே வரவில்லை. வாசலில் நான் நிற்கும்போது உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். கதவைத் தட்டினால் நின்றுவிடும். ஒருமுறை நேரடியாகவே கேட்டேன்.

"உனக்கு இங்க ஏதாவது கஷ்டமா?"

"எனக்கென்னண்ணா கஷ்டம்? நான் நல்லாத்தான் இருக்கேன். நீதான் ரொம்ப எளைச்சுட்ட. ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா?"

கேட்ட கேள்வியை எப்படி என் பக்கமே திருப்பிவிட்டாள் பாருங்கள். எதையோ மூடி மறைக்கிறாள் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரு அண்ணன் என்றால் சொல்லாததையும் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி வண்டிக்கு வருகிறேன். மாப்பிள்ளையிடம் இருந்தது அவர் அப்பா ஓட்டிய வண்டி. இன்ஜின் தங்கம். மற்றதெல்லாம் தகரம். பள்ளத்தில் இறங்கினால் முன் ஃபோர்க் அடிவரை இடித்துவிட்டு மேலே வர யோசிக்கும். பின் ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் வற்றி வெறும் ஸ்பிரிங்காக நின்றன. வளைவில் திரும்பினால் முன்பக்கம் ஒரு பேச்சுப் பேசும், பின்பக்கம் ஒரு பேச்சுப் பேசும். எல்லாவற்றையும்விட மோசம் முன் பிரேக். பழைய காலத்து டிரம். வயரை இழுத்தால் உள்ளே கட்டை உரசும், வண்டிக்கு இஷ்டமிருந்தால் நிற்கும்.

இப்படிப்பட்ட பிரேக்கை வருஷக்கணக்காகப் பிடித்தால் கை ஒரு பழக்கத்துக்கு வந்துவிடும். மாப்பிள்ளையின் வேலையோ வாசலுக்கு வாசல் நிற்கிற வேலை. அவர் நான்கு விரலையும் லீவரில் போட்டு, ஈரத் துணியைப் பிழிவது போல ஒரே பிடியாகப் பிடிப்பார். முட்டிகள் வெளுத்துப் போகும். நாய் குறுக்கே வந்தாலும் அதே பிடிதான், வீட்டு வாசலில் நிறுத்துவதற்கும் அதே பிடிதான். கைகுலுக்கினால் நம் விரல் வலிக்கும். என்னைப் பார்க்க வருகிறவர்களின் முகத்தைவிட அவர்கள் பிரேக் பிடிக்கிற கையைத்தான் நான் பார்ப்பேன், அது தொழிலோடு வந்த பழக்கம். அந்தக் கையை நான் நன்றாக ஞாபகம் வைத்திருந்தேன்.

அவருக்கு வேலையில் உயர்வு வந்தது. தூரத்து ஊர் ஒன்றில் பெரிய நீரேற்று நிலையத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. இரண்டு பேரும் சேர்ந்தே வந்து சொன்னார்கள். அவர் முகம் மலர்ந்திருந்தது, அதை விடுங்கள், அவருக்கு எப்போதுமே அப்படித்தான். அவள் முகமும் மலர்ந்திருந்தது. என்னை விட்டுப் போகிற சேதியை ஒரு பெண் அவ்வளவு பிரகாசமாகச் சொல்ல வேண்டுமானால், அவளை எவ்வளவு தூரம் தயார் செய்து கூட்டி வந்திருக்க வேண்டும். நான் எதையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"வண்டியையும் எடுத்துட்டுப் போறோம்ணா," என்றாள் அவள். "போறதுக்கு முன்னாடி அந்த பிரேக்கையும் ஷாக்கையும் மட்டும் நல்லதா மாத்திக் குடு. இவர் மேட்டுல இருந்து எறங்குறப்பல்லாம் நான் வாசல்லயே நின்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

"மச்சான் கை வச்சாச்சுன்னா அப்புறம் நான் நூறு வயசு வரைக்கும் இதே வண்டிதான்," என்று அவர் முதுகில் தட்டினார்.

ஆக, வேலை என்னிடம் கேட்டு வந்தது, நான் தேடிப் போகவில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிரேக் வயரை அறுத்து வைக்கிறவர்கள், வீல் நட்டைத் தளர்த்தி விடுகிறவர்கள் எல்லாம் உலகத்தில் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. அது தொழிலுக்குச் செய்கிற துரோகம். என் கையிலிருந்து ஒரு கெட்ட வண்டி தெருவில் இறங்கக் கூடாது. வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு நெடுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தப்பாக எதையும் செய்யத் தேவையில்லை என்பது அப்போதுதான் பிடிபட்டது. மனம் லேசாகிவிட்டது.

கனமான வண்டி ஒன்றிலிருந்து முன் ஃபோர்க் ஜோடியை எடுத்தேன். உள்ளே தேய்ந்த புஷ்களை மாற்றி, கெட்டியான ஸ்பிரிங் போட்டு, எண்ணெயையும் கெட்டியானதாக ஊற்றினேன். ஹேண்டில் திரும்புகிற இடத்துக்குப் புதிய பேரிங். பின்னால் நல்ல ஷாக் அப்சார்பர் இரண்டு, அவர்கள் இருவரின் எடைக்கும் பார்த்து முறுக்கி வைத்தேன். அவள் எடை கூடியிருந்ததையும் கணக்கில் சேர்த்தேன். இரண்டு சக்கரத்துக்கும் புது டயர். முன்னால் டிரம்மைத் தூக்கி எறிந்துவிட்டு டிஸ்க் வைத்த சக்கரம். அச்சு சரியாக உட்கார ஒரு வளையம் தேவைப்பட்டது, லேத்காரர் கடைந்து கொடுத்தார். "யாருக்கு இந்தக் கல்யாண அலங்காரம்?" என்று கேட்டார். தங்கைக்கு என்றேன்.

பிரேக் லீவருக்குப் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டர் என்று ஒன்று வரும். கை லீவரை அழுத்தினால் அதற்குள் இருக்கிற பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் பிஸ்டன் பெரிது. அழுத்துவதற்குக் கடினமாக இருக்கும், அழுத்திப் பழகிய கைக்குச் சரியாக இருக்கும். மற்றது சிறியது. லீவர் மெத்தென்று வரும். ஒற்றை விரலால் தொட்டால் வண்டி நிற்கும். நான்கு விரலால் பிடித்தால் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், வண்டியில் இருப்பவர் மட்டும் தொடர்ந்து பயணம் செய்வார். டிரம் ஓட்டிப் பழகியவருக்குச் சிறியதை மாட்டினால், எந்த மெக்கானிக்கும் சாவியைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுப்பான். ஒற்றை விரல் போதும், பார்த்துப் பிடியுங்கள் என்பான்.

நான் சிறியதை எடுத்தேன். மாப்பிள்ளையின் கைக்கு எது ஆகாது என்று பார்த்து, வேண்டுமென்றே எடுத்தேன். கவனக்குறைவு என்றால் இப்படியா இருக்கும்?

தங்கை அந்த வேலையின் நடுவில் ஒருநாள் வந்தாள். டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரில், எண்ணெய் வருகிற குழாயான ஹோஸை மாட்டி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வழக்கமாக நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். அப்புறம் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீயும் எங்களோட வந்துடேன். அங்க வீடு பெருசு. முன்னாடி எடம் இருக்கு, பட்டறை போட்டுக்கலாம். உன்னை இங்க தனியா விட்டுட்டு எனக்குப் போக மனசே இல்ல."

"இது உன் யோசனையா?"

"இல்ல, அவர்தான் சொன்னார். மச்சான் தனியா என்ன பண்ணுவார்னு ராத்திரியெல்லாம் பொலம்புறார்."

பாருங்கள், என்மேல் இரக்கம் காட்டுகிற அளவுக்கு அவர் வந்துவிட்டார். என் தங்கையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து வாழ எனக்கு இடமும் ஒதுக்குகிறார். நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன், கையைத் துடைத்துக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரைக்கும் அவளைக் கொண்டுபோய் விட்டேன். போகிற வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், சின்ன வயதில் வருவது போல. எனக்கு அழுகை வந்தது. திரும்பி வந்து பிரேக் எண்ணெயை ஊற்றினேன்.

வேலை முடிந்ததும் நானே ஓட்டிப் பார்த்தேன். அப்படியொரு வண்டியை நான் அதுவரை செய்ததில்லை. வளைவில் சாய்த்தால் நினைத்த கோட்டில் போகிறது. பள்ளத்தில் விட்டால் ஒரு சின்னத் தலையசைப்பு, அவ்வளவுதான். ஒற்றை விரலைத் தொட்டேன், நின்றது. இதை அவரிடம் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. வண்டியை நினைத்துத்தான்.

மாப்பிள்ளை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டார் மனிதர். ஏறி உட்கார்ந்து லீவரைத் தொட்டுவிட்டு, "மச்சான், டிஸ்க்கெல்லாம் நான் ஓட்டினதே இல்ல. இதை எப்படிப் புடிக்கணும்?" என்று கேட்டார்.

"எப்பவும் போலப் புடிங்க மாப்ள," என்றேன்.

நீங்கள் தேடுகிற ஆயுதம் இதுதான், இந்த ஒரு வாக்கியம். வண்டியில் தேடினால் கிடைக்காது.

அவர் உடனே சாகவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அன்று மாலை தங்கை போன் செய்தாள். முதல் தெருமுனையிலேயே வழக்கம் போலப் பிடித்திருக்கிறார். மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி நின்றுவிட்டது. விழவில்லை. காலை ஊன்றிக்கொண்டு சிரித்திருக்கிறார். "ஒத்த விரல்ல புடிச்சாப் போதும்னு இப்ப தெருவுல போறவங்களை எல்லாம் நிறுத்தி விரலைக் காட்டிக்கிட்டு இருக்கார்ணா. உன் வேலையைத் தலையில தூக்கி வச்சு ஆடுறார்," என்றாள்.

இதை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வரக் கூடாது. நிதானமாக இருக்கும்போது விரல் கற்றுக்கொள்ளும். பயந்துபோன கைக்குப் பாடமெல்லாம் ஞாபகம் இருக்காது, பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும். அந்தப் பயம் என்றைக்காவது வரும் என்று காத்திருந்தேன். வீட்டுச் சாமான்களை அவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போயிற்று. கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்னால், வெயிலடிக்கிற ஒரு பகலில், அவர் மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது வளைவில் ஒரு வேன் எதிரே வந்தது. வண்டி நிற்கவில்லை. கருங்கல் சுவரில் போய் மோதிவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

தங்கை இப்போது என்னோடு இருக்கிறாள், அவளுடைய பழைய அறையிலேயே. எனக்குச் சந்தோஷம் என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வீர்கள், நிம்மதி என்று எழுதச் சொல்லுங்கள். அவள் சாப்பிடுவது குறைந்திருக்கிறது. பாடுவது அடியோடு நின்றுவிட்டது. பழைய மாதிரி அவளுக்கும் எனக்கும் பேச்சே தேவைப்படுவதில்லை. குணமாகிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் அறிக்கை வந்தது. காலிப்பரில் ஹோஸை மாட்டுகிற போல்ட் கடைசி இறுக்கம் இறுக்கப்படவில்லை, ஓட ஓடத் தளர்ந்து எண்ணெய் கசிந்து வெளியேறிவிட்டது, அதனால் லீவர் வெறுமனே உள்ளே போய்விட்டது என்று ஆய்வாளர் எழுதியிருக்கிறார். சாலையில் பின் சக்கரம் தேய்ந்த தடம் மட்டும் நீளமாக இருந்ததாம். முன் சக்கரம் பூட்டிக்கொண்ட தடமே இல்லையாம். தங்கை அதைப் படித்தாள். அவள் கத்துவாள், என் சட்டையைப் பிடிப்பாள், நானும் தலைகுனிந்து நிற்பேன் என்று எதிர்பார்த்தேன். அவள் என் தலையில் கை வைத்தாள்.

"விடுண்ணா. ஏதோ ஞாபகத்துல விட்டுட்ட. நான் அன்னிக்கு வந்து பேசிக்கிட்டு உக்காந்திருந்தேன்ல, அதுலதான் மறந்திருப்ப. தப்பு என் மேலயும் இருக்கு. நீ வேணும்னா செஞ்ச?"

அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். துக்கம் கேட்க வந்த லேத்காரரிடமும் அவர் மனைவியிடமும் என் எதிரிலேயே சொன்னாள். "அண்ணன் எப்பவுமே இப்படித்தாங்க. பெரிய வேலையெல்லாம் பிரமாதமா செய்யும், நடுவுல ஒரு போல்ட்டை மறந்துடும். நான் இருந்தப்ப பின்னாடியே போய் ஒவ்வொண்ணா ஆட்டிப் பார்த்து, முடுக்கிட்டுத்தான் மஞ்சக் கோடு போடுவேன். நான் சொன்னா மனசு நோகும்னு சொன்னதே இல்ல." லேத்காரர் தலையை ஆட்டினார். ஆமாம் என்கிற மாதிரி ஆட்டினார்.

மஞ்சள் கோடு என்னவென்று சொல்கிறேன். கடைசி இறுக்கம் கொடுத்து முடித்த போல்ட்டின் மேல் மஞ்சள் பெயிண்டால் சின்னதாக ஒரு கோடு இழுத்துவிடுவது எங்கள் பட்டறை வழக்கம். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். அவள் இருந்தவரை தூரிகையை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவது அவள் வேலை. அது வெறும் பெயிண்ட் அடிக்கிற வேலை. நான் வேலை செய்கிற இடத்தில் அவளுக்கும் ஏதாவது இருக்கட்டுமே என்று நான்தான் விட்டுவைத்திருந்தேன். அவள் போன பிறகு நானே போடுகிறேன்.

நான் கொலை செய்தேன் என்று நினைத்து அவள் என்னை வெறுத்தால் அதைத் தாங்க முடியும். இந்த மன்னிப்பைத் தாங்க முடியவில்லை. காலையில் சாப்பாடு போடும்போது என்னைப் பாவமாகப் பார்க்கிறாள். நேற்று நான் சரிசெய்து நிறுத்தியிருந்த வண்டி ஒன்றைச் சுற்றி வந்து, எனக்குத் தெரியாமல் போல்ட்டுகளை ஆட்டிப் பார்த்தாள். அதனால்தான் இன்று காலையில் நேராக இங்கே வந்துவிட்டேன்.

இந்தப் புகைப்படத்தை நீங்கள் என் பக்கம் தள்ளி வைப்பது எதற்கென்று தெரிகிறது. பார்த்தேன். ஃபோர்க் போல்ட்டில் மஞ்சள் கோடு இருக்கிறது. அச்சு நட்டில் இருக்கிறது. காலிப்பரைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளில் இருக்கிறது. ஹோஸ் போல்ட்டில் மட்டும் இல்லை என்கிறீர்கள். அதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. பிரேக் எண்ணெய் பெயிண்டைத் தின்றுவிடும். தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். கோடு இருந்தது, எண்ணெய் பட்டு அழிந்துவிட்டது.

எண்ணெய் எப்படி வெளியே வந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சுவரில் மோதியபோது போல்ட் கழன்றிருக்கும், எண்ணெய் வந்திருக்கும். இல்லை, ஹோஸ் அறுந்திருக்கவில்லைதான். காலிப்பரிலும் கீறல் இல்லைதான். போல்ட் மட்டும் தளர்ந்திருக்கலாம்.

"நீங்க இறுக்கின போல்ட், சுவத்துல மோதினா தளர்ந்துடுமா?" என்று கேட்கிறீர்கள்.

தளராது. நான் இறுக்கினால் தளராது.

எழுதுபவர் ஏன் நிறுத்திவிட்டார்? அவரை எழுதச் சொல்லுங்கள். என் தங்கை வெளியே வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அண்ணன் துக்கத்தில் என்னென்னவோ உளறுகிறான், வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று கேட்கிறாளாம். அவளை உள்ளே விட வேண்டாம். நான் போக மாட்டேன். அவருடைய கையை நான் அறிவேன், அந்தக் கைக்கென்றே பார்த்து அந்தப் பிரேக்கை வைத்தேன், எப்பவும் போலப் பிடிக்கச் சொன்னேன், அவர் பிடித்தார், செத்தார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். கொலை என்றே இருக்கட்டும், தண்டனை என்னவானாலும் சரி. கவனக்குறைவு என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு, அடித்த பிரதியை வெளியே இருக்கிற என் தங்கையிடம் காட்டுங்கள்.